நகர வெளிச்சத்தில் ஒரு வான்முகில்

எமது பெண்கள் குழு உறுப்பினர்கள் சிலரின் படங்களைப் பிரதி எடுப்பதற்காகக் கடந்த வருடம் வவுனியா நகரிலுள்ள ஒரு சிறிய ஸ்ரூடியோவுக்குப் போயிருந்தேன். அதை நடத்துபவரும் எங்கள் குழு உறுப்பினர்களுள் ஒருவர்தான். 2009 இல் கணவரை இழந்த பின்னர், அவர் விட்டுச் சென்ற தொழிலைத் தானே கற்று, கலியாண வீடு, சாமத்திய வீடு, ஏடு தொடக்கல் என்று படமெடுத்து மகளைப் படிப்பித்து வருபவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன்.

சுவரில் மணமக்கள் படங்களுக்கும் குழந்தைகள் படங்களுக்கும் நடுவே ஒரு சட்டகம் இருந்தது. கறுப்புப் பின்னணியில், வெளிறிய ரோசா நிறத்தில், இதழ் விரிந்த பூவைப் போல ஒரு முகில்.

"கலண்டரிலை வெட்டினதோ அக்கா?"

"இல்லைத் தங்கச்சி. எங்கடை மேல்தட்டிலை நிண்டு நான் எடுத்தது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தக் கட்டடத்தின் ஒரு பக்கம் பெற்றோல் செற், மறுபக்கம் இரவு முழுவதும் எரியும் ஹோட்டல் பெயர்ப்பலகை, சற்றுத் தள்ளி உயரக் கம்பத்தில் ஒரு காவல் வெளிச்சம். அங்கே இரவில் நிமிர்ந்து பார்த்தால் நட்சத்திரங்களை எண்ணிவிடலாம். அப்படியான இடத்திலிருந்து, பாவித்துக் கைமாறிய ஒரு கமராவால் இதை எப்படி எடுக்க முடியும்? படப் பிரதிகளை மறந்துவிட்டு அன்று இரண்டு மணித்தியாலம் அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். நான் சமூகவியல் படித்தவள். விஞ்ஞானம் எனக்குத் தூரம். விளங்காத இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

இதன் தொடக்கம் 2022 ஆம் ஆண்டு மின்வெட்டு. அந்த மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் இல்லாவிட்டால் ஸ்ரூடியோவில் வேலையும் இல்லை. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் தாயும் மகளும் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். நகரமே இருண்டு கிடந்தது. அப்போது மகள் மேற்கு வானில் மூன்று நட்சத்திரங்கள் ஒரே கோட்டில் நிற்பதைக் காட்டி, அதன் பக்கத்தில் தொங்கும் சிறிய நட்சத்திரங்களில் ஒன்று மட்டும் புகை போலக் கலங்கித் தெரிவதைக் காட்டினாளாம். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் பிள்ளை. "அது நட்சத்திரம் இல்லை அம்மா, நெபுலா" என்றாளாம். திடீரென்று மின்சாரம் வந்தது. நகர விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. அடுத்த கணம் அந்தப் புகையைக் காணவில்லை.

"சனமெல்லாம் கரண்ட் வந்திட்டுது எண்டு சந்தோசத்திலை கத்துது. எனக்கு மட்டும் ஒண்டைப் பறிகுடுத்த மாதிரி இருந்தது" என்றார் அக்கா.

நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் சேர்ந்த முகில். இதனைத் தமிழில் வான்முகில் எனலாம். நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்கள் இவற்றுள் பல. அக்கா கண்டது ஓரியன் நெபுலா. சுமார் 1,340 ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கிறது. அதாவது இன்று எமது கண்ணுக்கு வரும் அதன் வெளிச்சம், ஏறக்குறைய அப்பரும் சம்பந்தரும் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டளவில் அங்கிருந்து புறப்பட்டது. வானில் அது பிடிக்கும் இடமோ சிறியதல்ல. படத்தில் விழும் அளவைப் பார்த்தால் இரண்டு முழுநிலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். சின்னதாக இருப்பதால் நாம் அதைக் காணாமல் விடவில்லை, மங்கலாக இருப்பதால்தான் காணாமல் விடுகிறோம்.

இதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமன்று. மார்கழித் திருவாதிரை நாளில் முழுநிலவுக்குப் பக்கத்தில் நிற்கும் சிவந்த நட்சத்திரம்தான் திருவாதிரை. திருவெம்பாவைக்கு விடிய எழும்பிய எல்லோருக்கும் அந்த நாளைத் தெரியும். அந்தச் சிவந்த நட்சத்திரத்திலிருந்து தெற்கே வந்தால் மூன்று நட்சத்திரக் கோடு, இன்னும் சற்றுத் தெற்கே வந்தால் இந்த முகில். ஆனால் திருவாதிரை அன்று படமெடுக்கப் போனால் ஒன்றும் கிடைக்காது. நிலா வெளிச்சமே போதும் எல்லாவற்றையும் மறைக்க. எமது பகுதியில் மார்கழி மழை முகிலும் சேர்ந்துவிடும். தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடியும் வரை, அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் உகந்தவை. அந்நாட்களில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அது ஏறக்குறைய எமது தலைக்கு மேலே நிற்கும்.

நகர வெளிச்சம் வான்முகிலை அழிப்பதில்லை. தெரு விளக்கின் ஒளி மேலே போய்க் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானம் முழுவதற்கும் ஒரு வெள்ளைப் பூச்சுப் பூசிவிடுகிறது. முகிலின் மெல்லிய ஒளி அந்தப் பூச்சுக்குள் அமிழ்ந்து போகிறது. இதை ஒளிமாசு என்கிறார்கள். 2016 இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி உலக மக்களில் 80 சதவீதத்திற்கும் அதிகமானோர் இவ்வாறு மாசடைந்த வானத்தின் கீழேயே வாழ்கிறார்கள். மூன்றிலொரு பங்கினருக்குப் பால்வீதியே தெரிவதில்லை. மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்த காலத்தில் அவற்றின் ஒளியை மட்டும் தடுக்கும் வடிகட்டிக் கண்ணாடியைக் கமராவின் முன்னால் போட்டு ஓரளவு சமாளிக்க முடிந்தது. இப்போது போடப்படும் வெள்ளை எல்ஈடி விளக்குகள் எல்லா நிறத்திலும் ஒளி விடுவதால் அந்தக் கண்ணாடிகளால் முன்னைய பயன் இல்லை. முகில் வெளியிடும் குறிப்பிட்ட நிறங்களை மட்டும் உள்ளே விடும் விசேட கண்ணாடிகள் உள்ளன. அவற்றின் விலையை அக்கா கேட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

முதன்முதலாக எடுத்த படங்களை அவர் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். வானம் முழுவதும் தேநீர் சிந்திய துணி போல ஒரு நிறம். நட்சத்திரங்கள் எல்லாம் சிறு கோடுகள். முகிலைக் காணோம். இதில் இரண்டு பிரச்சினைகள் இருந்தன. ஒன்று வெளிச்சம், மற்றது பூமி சுற்றுவது.

வெளிச்சப் பிரச்சினைக்கான வழி எனக்கு முதலில் புதிராகத்தான் இருந்தது. ஒரு நீண்ட படம் எடுப்பதற்குப் பதிலாக நூற்றுக்கணக்கான குறுகிய படங்களை எடுத்து, கணினியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தெரியாதது, அடுக்கினால் மட்டும் எப்படித் தெரியும்? அக்கா இப்படி விளங்கப்படுத்தினார்: "பஸ் ஸ்ராண்டிலை நிக்கிறீங்கள். ஹோர்ன், வியாபாரி, பாட்டு, எல்லாம் ஒரே சத்தம். எங்கையோ ஒருத்தன் மன்னார் மன்னார் எண்டு கூப்பிடுறான். முதல்தரம் விளங்காது. பத்துத்தரம் கூப்பிட்டால் விளங்கிடும். ஏன்? மற்றச் சத்தம் ஒவ்வொரு தரமும் மாறுது. மன்னார் மாறேல்லை."

இதுதான் விடயம். கமராவில் விழும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். முகிலின் ஒளி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். நான்கு படங்களை அடுக்கினால் இரைச்சல் பாதியாகும். நூறு படங்களை அடுக்கினால் பத்திலொன்றாகும். அதன் பிறகு வெளிச்சப் பூச்சைச் சமமாகக் கழித்துவிடலாம். டீப் ஸ்கை ஸ்ராக்கர், சிரில் என்று இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மகள்தான் அவற்றைப் பழகித் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தாள்.

அடுத்தது பூமி. கலியாண வீட்டில் தூர நின்று எடுக்கும் லென்ஸை 135 மில்லிமீற்றரில் வைத்தால், இரண்டு விநாடிக்கு மேல் திறந்து வைத்ததுமே நட்சத்திரம் கோடாக இழுபடத் தொடங்கும். முதல் வருடம் அக்கா இரண்டு இரண்டு விநாடியாகத்தான் எடுத்தார். பிறகு மகள் ஒரு பலகைப் பொறியின் வரைபடத்தைக் கொண்டு வந்தாள். 1975 இல் ஜோர்ஜ் ஹேய்க் என்பவர் ஒரு வானியல் சஞ்சிகையில் வெளியிட்ட திட்டம் அது. இரண்டு பலகைகள், அவற்றை ஒரு விளிம்பில் இணைக்க ஒரு கதவுப் பிணைச்சல், பலகையைத் தள்ளித் திறக்க ஒரு போல்ட். பிணைச்சலிலிருந்து 22.9 சென்ரிமீற்றர் தள்ளி 6 மில்லிமீற்றர் போல்டைப் பூட்டினால், அதன் புரி ஒரு மில்லிமீற்றர் என்பதால், நிமிடத்திற்கு ஒரு சுற்றுச் சுற்றும்போது பலகை பூமி சுற்றும் அதே வேகத்தில் திறக்கும். மேல் பலகையில் கமரா. போல்டின் தலையில் ஒரு பிஸ்கட் ரின் மூடியை ஒட்டி, அதில் மணிக்கூட்டைப் போல 60 கோடு கீறியிருக்கிறார். மணிக்கூட்டின் விநாடி முள்ளோடு ஒத்து அந்த மூடியைச் சுற்ற வேண்டும். தையல் மெஷின் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பழகியவர்களுக்கு இது பெரிய வேலையல்ல. வேகமாகத் தொட்டால் கமரா ஆடும், அவ்வளவுதான். இப்போது 30 விநாடிப் படம் எடுக்க முடிகிறது.

பிணைச்சல் துருவ நட்சத்திரத்தை நோக்கியிருக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவில் அது உயரத்தில் நிற்பதால் சுலபமாகத் தெரியும். வவுனியாவிலோ அடிவானத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பது பாகைதான். கையை நீட்டி முட்டியை மூடிப் பிடித்தால் அந்த முட்டியின் உயரத்துக்கும் சற்றுக் குறைவு. அக்கா வீட்டு வடக்குப் பக்கத்தில் அந்த உயரத்தில் இருப்பது அயலவரின் தென்னைகள். எனவே திசைகாட்டியை வைத்து வடக்குப் பார்த்து, ஒன்பது பாகைக்குச் சீவிய ஒரு மரக்கட்டையைப் பலகைக்குக் கீழே கொடுத்திருக்கிறார். தச்சுப்பட்டறைக்காரர் கட்டைக்குக் காசு வாங்கவில்லையாம். என்னத்துக்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள். புருசன் இல்லாத பெண் நடுச்சாமத்தில் மேல்தட்டில் நின்று என்ன செய்கிறாள் என்று அயலில் கதை எழுந்தது. ஒரு நாள் சீருடை அணிந்த இருவர் வந்து, எதைப் படமெடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கடைப் பதிவுப் பத்திரத்தின் பிரதியொன்றைக் கமராப் பையிலேயே வைத்திருக்கிறார். ஆண் ஒருவர் இதே வேலையைச் செய்திருந்தால் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லியிருப்பார்கள் என்பது எனது அபிப்பிராயம்.

வேறு சில்லறைக் கரைச்சல்களும் உண்டு. மாசிப் பனி லென்ஸில் படியும். கறுப்பு மட்டையைக் குழல் போலச் சுற்றிக் கட்டியிருக்கிறார். கமரா தானாகவே உண்டாக்கும் பொய்ப் புள்ளிகளைக் கழிப்பதற்கு, லென்ஸை மூடிவிட்டு அதே 30 விநாடியில் இருபது படம் எடுத்து வைக்க வேண்டும். மேலும், சாதாரணக் கமராக்களில் முகிலின் கடும் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும் ஒரு கண்ணாடி உள்ளே பூட்டியே வருகிறது. அதனால் அக்காவின் முகில் புத்தகங்களில் வருவது போலச் செக்கச்செவேல் என்று இருக்காது, வெளிறியே இருக்கும். அந்தச் சிவப்பைக் கணினியில் கூட்டிவிடலாம். அவர் கூட்டுவதில்லை.

வான்முகிலைப் படமெடுக்கும் வேலை தொடக்கத்திலிருந்தே ஓய்வு நேரத்தில் செய்தவர்களின் வேலைதான். 1880 செப்டெம்பர் 30 இல் அமெரிக்காவின் ஹென்றி ட்ரேப்பர் என்ற மருத்துவர் தன் சொந்த அவதான நிலையத்தில் 51 நிமிடம் காத்திருந்து இதே ஓரியன் நெபுலாவை எடுத்ததுதான் வான்முகிலொன்றின் முதற் புகைப்படம். 1883 இல் அண்ட்ரூ கொமன் என்ற பொறியியலாளர் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரங்களும் விழும்படி அதை எடுத்தார். அவர் எடுத்த இடம் லண்டன் ஈலிங். எமது புலம்பெயர்ந்த உறவுகள் கனகதுர்க்கை அம்மன் தேருக்குக் கூடும் அதே ஈலிங்தான்.

ஆனால் இந்த வரலாற்றில் நமது வாசகிகள் அறிய வேண்டியவர் வில்லியமினா பிளெமிங். 1857 இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் பிறந்தவர். 1878 இல் கணவனோடு அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்குப் போனார். அங்கே வயிற்றில் பிள்ளையோடு இருந்த அவரைக் கணவன் கைவிட்டான். பிழைப்புக்காக, ஹார்வர்ட் வானாய்வு நிலையத்தின் பணிப்பாளராக இருந்த எட்வர்ட் பிக்கரிங் என்பவரின் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். அவரது திறமையைக் கண்டு பிக்கரிங் 1881 இல் நிலையத்திலேயே வேலை கொடுத்தார். இரவில் ஆண்கள் தொலைநோக்கியில் எடுக்கும் கண்ணாடித் தட்டுப் படங்களைப் பகலில் உருப்பெருக்கியால் ஆராய்வதுதான் வேலை. 1888 இல் எடுக்கப்பட்ட ஒரு தட்டில், அந்த மூன்று நட்சத்திரக் கோட்டுக்கு அருகே மங்கலான ஒளியில் அரைவட்டமாக ஒரு வெட்டு விழுந்திருப்பதை அவர் கண்டார். இன்று குதிரைத்தலை நெபுலா என்று உலகம் முழுவதும் அறியப்படுவது அதுவே. பின்னர் வெளிவந்த பட்டியலில் பிக்கரிங் என்ற பெயர் மட்டும் இருந்தது. வில்லியமினாவின் பெயரைக் காணவில்லை. அவர் 10,000 இற்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை வகைப்படுத்தியவர். 1899 இல் நிலையத்தின் புகைப்படங்களுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அப்படியிருந்தும் 1900 இல் எழுதிய நாட்குறிப்பில், ஆண்கள் சிலருக்கு ஆண்டுக்கு 2,500 டொலரும் தனக்கு 1,500 டொலரும் தரப்படுவதைக் குறிப்பிட்டு மனம் நொந்திருக்கிறார். தானும் பிள்ளையை வளர்க்க வேண்டியவள் என்பதை மற்றவர்கள் நினைப்பதில்லை என்பதே அவரது குறை. 1911 இல் இறந்தார்.

இதை நான் எமது குழுக் கூட்டத்தில் சொன்னபோது, சம்பளக் கதையில்தான் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அக்காவின் இந்த வேலையால் வருமானம் ஏதும் உண்டா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இதுவரை இரண்டு படங்கள் விற்றிருக்கின்றன, அவ்வளவுதான். மோட்டாரில் ஓடும் பொறி வாங்கக் கடன் தருவதாக நுண்கடன் முகவர் ஒருவர் தானாகவே வந்து சொன்னாராம். "முந்தி எடுத்த கடனுக்கே வாரத்துக்கு வாரம் வாசல்லை வந்து நிண்டவங்கள். பலகை போதும் எண்டிட்டன்." எமது வாழ்வாதாரத் திட்டங்களில் கோழி, தையல், மா இடித்தல் தவிர வேறெதையும் நாம் யோசிப்பதில்லை என்ற குறை எனக்கு நீண்ட நாளாக உண்டு. ஆனால் இதை ஒரு திட்டமாக்கி விண்ணப்பம் எழுதவும் எனக்கு மனமில்லை. சிலவற்றைப் படிவத்தில் அடைத்தால் பாழாகிவிடும்.

அன்று அக்காவின் மேசையில் இன்னொரு படமும் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுத நினைத்தேன். எங்கள் குழுவிலுள்ள ஓர் அம்மாவின் மகனுடைய கடவுச்சீட்டு அளவுப் படம். 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 பெப்ரவரியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தொடங்கிய தொடர் போராட்டங்களுக்கு ஏனைய தாய்மார் பிள்ளைகளின் படத்தைப் பெரிதாக்கி ஏந்தி வந்தபோது, இந்த அம்மா பெயர் எழுதிய மட்டையோடுதான் நின்றார். ஏனெனில் அவரிடமிருந்த ஒரே படம் தண்ணீருக்குள்ளால் இடம்பெயர்ந்து வந்தபோது சொப்பிங் பையோடு நனைந்து, பாதி முகம் ஊறிக் கழன்று, மீதி மஞ்சளாகிப் போயிருந்தது.

யாரோ ஒரு தம்பி இரக்கப்பட்டு அதைக் கைத்தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குள் போட்டுச் சரிசெய்து கொடுத்தாராம். ஒரு நிமிடத்தில் முழு முகம் வந்தது. தெளிவான கண், மழுமழுப்பான கன்னம், மெல்லிய சிரிப்பு. அம்மா நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "வடிவாத்தான் இருக்கு. ஆனால் இது ஆர்?"

அந்த அம்மா பழைய படத்தையே அக்காவிடம் கொண்டு வந்தார். அக்காவுக்கு வானத்தில் பழகிய வழியே நினைவுக்கு வந்தது. படத்தைத் தட்டையாக வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், மேலிருந்து வரும் வெளிச்சத்தில் என்று மாற்றி மாற்றி அறுபது தடவை எடுத்தார். எல்லாவற்றையும் அடுக்கினார். மஞ்சளாகிப் போன படத்தில் நீல நிறத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் மறைந்த கோடுகள் கூடுதலாகத் தெரியும் என்கிறார். இடது கண், அதன் மேல் புருவத்தை வெட்டியது போன்ற சிறு தழும்பு, காது, சட்டைக் கொலர் ஆகியவை வெளியில் வந்தன. வலது பக்கம் வரவில்லை. அங்கே படமே கழன்று போய்விட்டது. இல்லாததை எத்தனை தடவை அடுக்கினாலும் இல்லாததுதான்.

"நான் அந்தப் பக்கத்தைக் கீறி நிரப்பியிருக்கலாம் தங்கச்சி. காசும் தந்திருப்பா. ஆனால் வானத்திலை இல்லாத நட்சத்திரத்தை நான் ஒட்டிறேல்லை. இவவின்ரை பிள்ளையின்ரை முகத்திலை மட்டும் எப்பிடி ஒட்டிறது?"

அம்மா அந்தத் தழும்பில் விரலை வைத்து, சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது என்றாராம். பாதி வெறுமையாகவே பெரிதாக்கித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். இப்போது அதைத்தான் ஏந்தி நிற்கிறார்.

இந்தப் பெண்களை ஓரிரவு மேல்தட்டுக்குக் கூட்டிப் போனால் என்ன என்ற எண்ணம் எனக்கு வந்தது. அக்கா உடனே சம்மதித்தார். ஆனால் எனக்கே உள்ளூரத் தயக்கம் இருந்தது. எமக்கு இரவு வானம் என்பது அழகு பார்க்கும் இடமாக இருந்ததில்லை. அப்போது நான் பாடசாலை மாணவி. வண்டு இரைந்துகொண்டு சுற்றும் இரவுகளில், பரா வெளிச்சம் இறங்கி வரும்போது பங்கருக்குள் குனிந்து மண்ணைப் பார்த்தே பழகிய கழுத்து இது. பரா அணைந்த பிறகு வானம் நிறைய நட்சத்திரம் இருந்திருக்கும். விளக்கே இல்லாத அந்த மாதங்களில் இந்த முகில் வெறும் கண்ணுக்கே தெரிந்திருக்கும். ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பெப்ரவரியில் அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவு ஏழு பேர் வந்தார்கள். தேநீர் போத்தலும் பாயும் கொண்டுவந்தார்கள். எட்டு மணியளவில் பயணிகள் விமானமொன்று வெளிச்சம் விட்டு விட்டு மினுங்கியபடி கடந்தது. ஒருவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. விமானம் போன பிறகு அவரே வந்து இருந்தார்.

பிஸ்கட் ரின் மூடியை ஒவ்வொருவரும் முறை வைத்துச் சுற்றினார்கள். பத்து நிமிடத்துக்கொருமுறை போல்டைப் பின்னுக்குச் சுற்றிவிட்டு, கமராவை மீண்டும் முகிலுக்கு நேராக வைக்க வேண்டும். அப்படி 30 விநாடிப் படங்கள் 120 சேர, ஒரு மணித்தியால வெளிச்சத்துக்கு இரண்டு மணித்தியாலம் சென்றது. இருந்தும் எவருக்கும் நித்திரை வரவில்லை. எங்கள் குழுவில் பலர் இரவில் நித்திரை இல்லாதவர்கள் என்பது வேறு விடயம். தையல்கார அக்கா சுற்றிய பத்து நிமிடத்தில்தான் நட்சத்திரங்கள் மிகவும் கூராக இருந்தன என்று பின்னர் தெரிந்தது.

மகள் மடிக்கணினியைத் திறந்து முதலில் ஒரேயொரு படத்தைக் காட்டினாள். மங்கல் வெள்ளை. சில புள்ளிகள். நடுவில் ஒரு கலங்கல், அதுவும் சொன்னால்தான் தெரியும். பிறகு பத்துப் படம் அடுக்கியது. பிறகு அறுபது. கடைசியில் 120. வெளிறிய ரோசா நிறத்தில் இரண்டு சிறகும், நடுவில் பிரகாசமான ஓர் இடமும் வந்து நின்றன.

பாதிப் படத்து அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"இது நீங்கள் கீறினதில்லைத்தானே பிள்ளை?"

"இல்லை அம்மம்மா. அங்கையிருந்து வந்த வெளிச்சம் மட்டும்தான். நீங்களும் சுற்றினீங்களே."

"அப்ப முதல் படத்திலையும் இருந்ததோ?"

"இருந்தது. எங்களுக்குத் தெரியேல்லை."

முதலாவதிலிருந்து திரும்பவும் காட்டச் சொன்னார். மகள் காட்டினாள். மூன்றாம் தடவையும் கேட்டார். அதற்குள் கீழே ஓட்டோ வந்து ஹோர்ன் அடித்தது. பாயைச் சுருட்டினோம். படியிறங்கும்போது, நாளைக்கும் அது அங்கேயே நிற்குமா என்று அம்மா கேட்டார்.

"நிக்கும் அம்மா. நாளைக்கு நாலு நிமிசம் முந்தி வரும்" என்றார் அக்கா. நாளுக்கு நான்கு நிமிடம் என்று அது முந்திக்கொண்டே போய், பங்குனி முடிய மேற்கில் சாய்ந்துவிடுமாம். அதற்குள் இன்னொரு சனிக்கிழமை வைக்கும்படி அம்மா என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அக்கா அன்று குதிரைத்தலையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். நகர வெளிச்சத்தில் அது வராது என்று மகள் சொல்கிறாள்.